அரைப்பேர் வெயில்

காதல் நகைச்சுவைப் படத்துக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடச் சிரிக்காத மனிதன், ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் தான் ஒருவன்தான் என்று கஜேந்திரன் வாசிகசாலைக் கூட்டத்தில் அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை, போட்டிக்கும் ஆள் வரவில்லை. அதே கிழமைதான் கொட்டகலைக்கு மேலே அவன் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் நாகலெட்சுமியின் காம்பராவுக்குள் மட்டும் வெயில் அடிக்கத் தொடங்கியது.

காரணம், அவள் பென்டிரைவில் வாங்கிவந்த ஒரு படம். ஏதோ தீவில், ஒரே ஹோட்டல் அறைக்குத் தவறுதலாக வந்துசேர்ந்த ஒருத்தனும் ஒருத்தியும் இரண்டு மணிநேரம் சண்டைபோட்டுக் கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். டீவியில் கடல் தெரிந்ததும் காம்பரா சூடாகும். சுவரோரம் ஒரு முறம் மணல் சேரும்; படம் முடிந்ததும் கூட்டி அள்ளுவார்கள். வெளியே மூன்று கிழமையாக மழை. ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் குளிரைப் பார்க்க வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். லயத்துப் பெண்கள் அதிசயப்பட்டு நேரத்தை வீணாக்காமல், ஈரத்துணியோடு வந்து உள்ளேயே கொடி கட்டினார்கள்.

அதுவும் தோட்டத்து வெயில்தான். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அரைநாள்தான் பதிவாகும். அதற்கு அரைப்பேர் என்று பெயர். வெயில் அந்தச் சட்டத்தையே கடைப்பிடித்தது. மனசாரச் சிரித்தவரின் துணி முழுதாகக் காய்ந்தது. பக்கத்துக் காம்பரா பிரியந்தி புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்த அன்று, அவனுடைய காற்சட்டையில் ஒரு கால் மட்டுமே காய்ந்தது.

"குளிர்ல நடுங்குற சனத்துக்குக் கடலக் காட்டி ஏமாத்துறானுங்க" என்று கஜேந்திரன் முகநூலில் இரண்டு பக்கம் எழுதினான். அப்போதுதான் ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. இரண்டு வருடம் காத்திருந்த கடிதம். திங்கள் ஒன்பது மணிக்கு நுவரெலியா. அவனிடம் இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை. அடுப்புக்கு மேலே மூன்று நாள் தொங்கியும் புகை நாறியதே தவிரக் காயவில்லை. மறுபடி துவைத்து, ஞாயிறு மத்தியானம் வாளியோடு வந்து நின்றான்.

"வாங்க சேர். மணல் இருக்கு, சப்பாத்தக் கழட்டிருங்க" என்று வேலை கிடைக்குமுன்பே அவனைச் சேராக்கினாள் நாகலெட்சுமி.

"படம் பாக்க வரலக்கா. சட்டைய மட்டும் போட்டுட்டுப் போறேன்."

"சட்டை தனியா சிரிக்குமா தம்பி? ஒக்காருங்க."

உட்கார்ந்தான். மற்றவர்கள் சிரித்த இடங்களில் வாயைத் திறந்து "ஹா" என்றான். பாதிப் படத்தில் கொடியில் கிடந்த சட்டையின் இடது கை அப்பளமாக மொறுமொறுத்தது. வலது கை சொட்டிக்கொண்டிருந்தது.

"சேருக்கு அரைப்பேருதான்" என்றாள் பிரியந்தி. "மத்தக் கைய முதுகுக்குப் பின்னால வச்சிக்கிட்டுப் பதில் சொல்லுங்க, தெரியாது."

காத்திருந்த இரண்டு வருடமும் அந்த வலது கையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் கதாநாயகன் கண்ணாடி முன்னால் பாடமாக்கிய மன்னிப்பைக் கதாநாயகியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். பின்பக்கத்தில் ஒரு நண்டு கவ்வித் தொங்கியது, அவன் நிறுத்தவில்லை. அன்று காலை அதே முகத்தோடு கண்ணாடி முன்னால், "கல்வி என்பது யாதெனில்" என்று தான் ஒப்பித்தது கஜேந்திரனுக்கு நினைவு வந்தது. மூக்கு வழியாக ஏதோ ஒன்று பீறிட்டது. அடக்கப் பார்த்தான், புரையேறியது. சட்டை காலர் முதல் கடைசிப் பொத்தான் வரை காய்ந்துவிட்டது.

தை மாதம் நியமனம் கிடைத்தது. சேர் இப்போதும் ஞாயிறு தவறாமல் வாளியோடு வருகிறார். வாளிக்குள் முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சி இருக்கும், அதுவும் ஏற்கெனவே காய்ந்தது. நாகலெட்சுமி கொடியில் அவருக்கென்று ஒரு சாண் இடம் விட்டுவைக்கிறாள்.