கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு மூஞ்சி

“இது யாருப்பா?”ன்னு கேட்டேன்.

வேலம்பாளையத்துல ஒரு ஃபிளெக்ஸ் கடை. கம்ப்யூட்டர்ல வெள்ளை வெளேர்னு ஒருத்தி சிரிக்கிறா. ஒட்டுன கன்னம், கூரா ஒரு நாடி. மேல ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு போட்டிருக்கு, கீழ செல்வி அனுசுயா. எங்க அண்ணன் மக பேருதான். மூஞ்சி எவளோடதோ.

“நீங்க குடுத்த போட்டோதானுங்க அக்கா,” கடைக்காரன் சதீஷ்குமார் சொன்னான். எழவு வீட்டுக்காரின்னு குரலை இறக்கித்தான் பேசினான்.

“பொய் சொல்லாத. செத்தவுகளுக்குக் கூட வெள்ளையடிச்சு விடுற ஆளுக நீங்க. போன மாசம் எங்க தெருவுல எழுபது வயசுக் கெழவனை மாப்பிள்ளையாக்கி நிறுத்துனீக.”

“கலர் மட்டும் கொஞ்சம் ஏத்துவோமுங்க. இதுல அதுகூடப் பண்ணலீங்க. போன்லயே ஃபில்டர் போட்டுத்தானுங்க எடுத்திருக்காங்க. வேணும்னாப் பாருங்க.”

எங்கையில இருந்த அனுசுயா போனை வாங்கி ஒவ்வொண்ணாத் தள்ளிக் காட்டினான். கோயில்ல, கம்பெனி வாசல்ல, பஸ்ஸுக்குள்ள, எல்லாத்துலயும் அந்த ஒட்டுன கன்னக்காரிதான். எங்கூட நின்னு எடுத்த படத்துல நானும் ஒடிசலா, செவத்துப் போயி நிக்கிறேன். ஆதார்ல இருக்கறது பத்து வயசுப் பிள்ளை. பள்ளிக்கூட மார்க் சீட்டுல இருக்கறது வெறும் கருப்பு மைதான். எங்கிட்ட இருக்கறது பட்டன் போன். எம் பிள்ளையோட மெய்யான மூஞ்சி இந்த உலகத்துல ஒரு படத்துல கூட இல்லையா, கடவுளே!

மூஞ்சி இல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாது. நேத்து ஊர்லருந்து வந்து இறங்குன எங்கண்ணன் தவசி, ஆஸ்பத்திரியில துணியை விலக்கிப் பாத்துட்டு, “இது எம் மக இல்லை”ன்னு வெளிய வந்து உக்காந்துருச்சு. எலும்பும் தோலுமாக் கிடந்தவளை எப்படி அது தன் மகள்னு சொல்லும்? பொங்கலுக்குப் பெறகு அது பிள்ளையைப் பாக்கவே இல்லை. “எம் பிள்ளை மூஞ்சியை ஒரு தடவை காட்டு. அப்பத்தான் மண்ணு போடுவேன்”னுருச்சு.

அண்ணனுக்குச் சாவித்திரின்னா உசிரு. டிவியில அந்தம்மா படம் ஓடுனா, சோறு ஆறிப்போனாலும் எந்திரிக்காது. அனு பொறந்து, கன்னம் ரெண்டும் பொதபொதன்னு இருக்கவும், எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, “வெள்ளை, பாத்தியா? சாவித்திரி வந்து பொறந்திருக்கா”ன்னுச்சு. தெருவெல்லாம் அதையே சொல்லுச்சு. நாங்களும் அப்படியே சொன்னோம். மூக்கைப் பாரு, சிரிப்பைப் பாரு, அப்படியே சாவித்திரிதான்னு சுத்திப் போடுவோம்.

பன்னெண்டாப்பு முடிச்சு, மண்ணரைங்கற பக்கம் என் வீட்டுல தங்கி பனியன் கம்பெனிக்கு வந்தா. தைச்ச பீஸுல கொறை பாக்கற செக்கிங் வேலை. அங்க அவளுக்கு வச்ச பேரு டபுள் எக்ஸெல். “டபுள் எக்ஸெல் வருது, வழி விடுங்கடி”ன்னு கூவுவாளுக. அந்த நாக்குகளை இழுத்து வச்சு அறுக்கணும். அனு சிரிச்சுக்கிட்டே போயிருவா.

பெறகுதான் பொண்ணு பாக்க அருண்பாண்டின்னு ஒருத்தன் வந்தான். இன்னொரு கம்பெனியில ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசர். வாசல்ல செருப்பு மாட்டும்போது, “பழைய பட ஹீரோயின் மாதிரி இருக்காங்க”ன்னான். எனக்குக் காலு தரையில பாவலை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். அது ஊர்ல வீடு வீடா லட்டுக் குடுத்து, “மாப்பிள்ளையே சாவித்திரின்னுட்டாரு”ன்னு சொல்லி வந்திருக்கு. லட்டு தீரும் முன்ன தரகர் சொல்லி அனுப்பினாரு, பையனுக்கு ஒல்லியா வேணுமாம். கேலியாச் சொல்லியிருக்கான் எடுபட்ட பய. எங்க குடும்பத்துல அது கேலின்னு ஒருத்தருக்கும் தெரியலை.

“எங்க அப்பா காலத்துலயே நான் பொறந்திருக்கணும் அத்தை”ன்னா அனு. அன்னைக்கோட சோத்தை விட்டா. போன்ல எவளோ விக்கிற பொடியை வாங்கி வெந்நீர்ல கலக்கிக் குடிச்சா. வயித்தால போயிக்கிட்டே இருக்கும். “கொழுப்புக் கரையுது அத்தை”ம்பா. நான் தட்டைத் தூக்கி எறிஞ்சு கத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். “உங்களுக்கெல்லாம் சாவித்திரி வேணும், எனக்குக் கல்யாணம் வேணும்”னு மொகத்தைத் திருப்பிக்கிட்டா. புதன்கெழமை, செக்கிங் டேபிள்ல பீஸு மேலயே சரிஞ்சுட்டா. உடம்புல உப்புச் சத்தெல்லாம் போயி இருதயம் நின்னுருச்சுன்னாரு டாக்டர். உள்ளதும் போச்சு.

“தம்பி, கன்னத்தைப் பெருசாக்கு,” சதீஷ்குமார் கிட்டச் சொன்னேன்.

அவன் திரும்பிப் பாத்தான். “கொறைக்கச் சொல்லித்தானுங்க எல்லாரும் கேப்பாங்க. ஏத்தச் சொல்லி யாரும் கேட்டதில்லீங்க.”

“நான் கேக்கறேன். ஏத்து.”

ஏத்துனான். பல்லு வலியில வீங்குன மாதிரி வந்துச்சு. நாடியை உருட்டினான், கலரைக் கொறைச்சான். எதுவும் சேரலை. நானும் “இங்கன கொஞ்சம், அங்கன கொஞ்சம்”னு விரலை வச்சு வச்சுக் காட்டினேன். கடைசியில அவன் கையை எடுத்துட்டு, “அக்கா, அவங்களை நான் பாத்ததில்லீங்க. யாரு மாதிரி இருப்பாங்க, சொல்லுங்க”ன்னான்.

“சாவித்திரி மாதிரி.”

அவன் அந்தம்மா படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்டான். அதைப் பாத்துப் பாத்துக் கன்னம், நாடி, கண்ணோரம்னு ஒவ்வொண்ணாச் செஞ்சான். முடிச்சதும், “என்னைப் பெத்த ஆத்தா, வந்துட்டியா!”ன்னு கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டேன். அவனும் கண்ணைத் தொடச்சுக்கிட்டான்.

மண்ணரையில வீட்டு வாசல்ல ஃபிளெக்ஸைக் கட்டிட்டு, அண்ணனைத் தோளைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன். ஐஸ் பெட்டி பக்கம் திரும்பாமலே வந்துச்சு. “பாருண்ணே, உம் மக”ன்னேன்.

ரொம்ப நேரம் பாத்துச்சு.

“அழகாத்தான் இருக்கு. ஆனா இது அந்தச் சாவித்திரியம்மாவாச்சே.”

“இல்லண்ணே, நம்ம அனுதான். நல்லாப் பாரு.”

“அந்தம்மாவை எனக்குத் தெரியாதா?” துண்டை வாயில வச்சுக்கிட்டுச்சு. “கண்ணை மூடினாலும் அந்தம்மாதான் வருது. எம் பிள்ளை மூஞ்சி வரமாட்டேங்குது, வெள்ளை. அவ எப்படி இருப்பா? நீயாவது சொல்லு ஆத்தா.”

சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். சாவித்திரி மாதிரின்னுதான் வந்துச்சு.