சம்பந்தியம்மா கேட்ட கனவு

கும்ரே இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறினாள். அறுபத்திரண்டு வயதுக்கு அது அதிகம்தான். கையிலிருந்த அட்டைப் பெட்டி சந்தைப் படிக்கட்டின் கைப்பிடியில் இடித்து இடித்துக் கூடவே வந்தது.

மணி பன்னிரண்டு ஐந்து. ஒரு மணிக்குக் கல்யாணம்.

மூன்றாவது மாடியில் வரிசையாக ஹன்போக் கடைகள், கொரியப் பாரம்பரியப் பட்டுடைகள் விற்பவை. முதல் கடைக்குள் நுழைந்து பெட்டியை மேஜைமேல் கவிழ்த்தாள். பட்டுப் பாவாடையும் மேல்சட்டையும் சரிந்தன. வெளிர் நீலம்.

"ரோஸ் வேணும்," என்றாள் மூச்சிரைக்க. "இதை வச்சுக்கிட்டு, ரோஸ்ல எது இருந்தாலும் கொடுங்கக்கா."

கடைக்காரி ஆற அமர ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "பொண்ணோட அம்மாவா?"

"ஆமா."

"பொண்ணோட அம்மா நீலத்தைத் தூக்கிட்டு வந்திருக்கீகளா? அது மாப்பிள்ளையோட அம்மா உடுத்துறதுல்ல? ரெண்டு பேரும் நீலத்துல போய் மெழுகுவத்தி ஏத்தினா, யாரு எந்த வீட்டு அம்மான்னு எவனுக்குத் தெரியும்?"

"பெட்டி மாறிப்போச்சுக்கா. ஐம்பது நிமிஷத்துல கல்யாணம்."

"எந்த ஊரு?"

"சியோல்."

"அதான பார்த்தேன்." கடைக்காரி எழுந்து உள்ளே போனாள். "எங்க பூசான்ல மீனுகூட கலரு மாறி வராது."

கும்ரேவின் அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். நீலம் உடுத்தினால் மாப்பிள்ளைக்கு அம்மா. ரோஸ் உடுத்தினால் பெண்ணுக்கு அம்மா. கம்பெனி என்ன வேலை கொடுக்கிறதோ, அந்தப் பெட்டி. கடைசி மூன்று வேலைகளும் மாப்பிள்ளைகளுக்கு. விடியற்காலை இருட்டில் கை தன் பழக்கத்துக்கு நீலத்தை எடுத்துவிட்டது. தெரிந்தது பூசான் ரயில் நிலையக் கழிப்பறையில்.

ஆம், கும்ரே கல்யாணங்களுக்கு வாடகைக்கு வரும் அம்மா. ஏழு வருடங்களில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவள்.

இன்றைய பெண் ஹேயின், அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். மாப்பிள்ளை கியூசிக்குக்கு அது தெரியும். அவன் வீட்டுக்குத் தெரியாது. சியோலில் காய்கறிக் கடை வைத்திருக்கும் விதவையின் ஒரே மகள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். முன்பே நடந்திருக்கவேண்டிய சம்பந்திகள் சந்திப்பையும், அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று சொல்லித் தட்டிக் கழித்தாயிற்று. 'அத்தைக்குத் தெரிஞ்சா மேடையிலேயே நிறுத்திடுவாங்க' என்று ஹேயின் ஃபோனில் சொல்லியிருந்தாள்.

கடைக்காரி கொண்டுவந்த ரோஸ் சட்டைக்குக் கை குட்டை. மணிக்கட்டுக்கு மேல் நான்கு விரல் தெரிந்தது.

"இதான் இருக்கு. கையை ஒளிச்சு வச்சுக்கோங்க," என்றாள் கடைக்காரி. "மக கல்யாணத்துல அம்மா கையையா பார்க்கப் போறாங்க?"

சியோலில் இலையெல்லாம் கொட்டி முடிந்துவிட்டது. இங்கே கிங்கோ மரங்கள் இன்னும் மஞ்சளாக நின்றன. டாக்ஸி அவற்றின் நடுவே பறந்தது. கல்யாண மண்டபத்துக்குப் பத்தடி முன்னால் கும்ரே ஓட்டத்தை நிறுத்தி, மூச்சைப் பிடித்து, நொண்ட ஆரம்பித்தாள். இடுப்பு ஆபரேஷன் அல்லவா!

ஒன்று அடித்தது. ரோஸ் அம்மாவும் நீல அம்மாவும் கைகோத்து நடந்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். பெண் வீட்டுப் பக்கம் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் கம்பெனி ஆட்கள். சித்தப்பாவாக வந்தவனோடு கும்ரே போன மாதம்தான் வேறொரு கல்யாணத்தில் புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்திருந்தாள். இருவரும் முன்பின் தெரியாதவர்கள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது கம்பெனிச் சட்டம்.

இருபது நிமிடத்தில் சடங்கு முடிந்தது. அபாயம் சாப்பாட்டு மேஜையில் காத்திருந்தது.

சம்பந்தியம்மா மீன் சந்தையில் முப்பது வருடம் கடை போட்டவள். நேர் எதிரே உட்கார்ந்தாள். சுற்றிலும் அவளுடைய நாத்தனார்களும் தங்கைகளும்.

"சட்டை என்ன இம்புட்டு குட்டையா இருக்கு சம்பந்தி?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் ஊதிட்டேன்."

"இடுப்புல பண்ணின ஆபரேஷனுக்குக் கையா ஊதுச்சு?"

மேஜையே சிரித்தது. கும்ரேவும் சிரித்தாள். சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, அதை விடுங்க. ஒண்ணு கேக்கணும்னு ஆறு மாசமா வச்சிருக்கேன். ஹேயின் வயித்துல வந்தப்ப என்ன கனவு கண்டீக?"

சுற்றியிருந்தவர்களின் சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன.

"என் பையனுக்கு, வாளை மீனு ஒண்ணு, இம்புட்டு நீளம், வெள்ளிக் கணக்கா மின்னிக்கிட்டு என் பாவாடையில துள்ளி விழுந்துச்சு. எங்க தெருவுக்கே தெரியும். இவகிட்ட கேட்டா, அம்மா சொன்னதே இல்லைங்கிறா. பெத்த பிள்ளைகிட்ட அதோட கனவைச் சொல்லாத அம்மாவும் உண்டா?"

கும்ரே மனப்பாடம் செய்த ஆறு பக்கத்தில் ஹேயினின் பள்ளிக்கூடம் இருந்தது, முழங்கால் தழும்பு இருந்தது, இறால் ஒவ்வாது என்பதுகூட இருந்தது. கனவு இல்லை. அநாதை இல்லத்தில் அதை யார் எழுதிவைப்பார்கள்?

பக்கத்து நாற்காலியில் ஹேயினின் முகம் அரிசி மாவுபோல வெளுத்தது.

கரு உண்டாகும்போது எல்லா அம்மாக்களும் காண்கிற கனவுதானே; பன்றி என்று சொல்லலாம். டிராகன் என்று சொல்லலாம். வாய்க்கு வந்ததைச் சொன்னால் இந்தப் பெண்மணி அடுத்த நொடியே பிடித்துவிடுவாள். மீன் எத்தனை நாள் பழசு என்று மூடிய பெட்டியைப் பார்த்தே சொல்கிறவள்.

கும்ரே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லாததுக்குக் காரணம் இருக்கு சம்பந்தி. அப்ப இதே மாதிரி இலை கொட்டுற காலம். கனவுல எங்க அம்மா வீட்டுக் கொல்லை. அங்க ஒரு பெர்சிமன் மரம். பழமெல்லாம் பறிச்சாச்சு. உச்சிக் கொம்புல ஒண்ணே ஒண்ணு, பறவைக்குன்னு விட்டுவச்சது. அதை யாரும் தொட மாட்டாங்கல்ல? நான் ஏறிப் பறிச்சுட்டேன். மடியில போட்டா, சூடா இருக்கு. இப்பதான் அவிச்சு எடுத்த மாதிரி சூடு. இறங்கித் திரும்பிப் பார்க்கிறேன்... மொட்டைக் கொம்புல பறவை வந்து உட்கார்ந்திருக்கு. கத்தலை. என்னையே பார்த்துக்கிட்டிருந்துச்சு."

கும்ரே தன் மடியைத் தடவிக்கொண்டாள்.

"அது பங்கை நான் எடுத்துட்டேனேன்னு பயம். வெளியில சொன்னா வந்து திருப்பிக் கேட்டுடுமோன்னு... பிள்ளைகிட்டகூட வாயைத் திறக்கலை."

சம்பந்தியம்மா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு தன் தட்டிலிருந்த மீன் துண்டின் முள்ளை எடுத்துவிட்டு, சதையைக் கும்ரேவின் தட்டில் வைத்தாள்.

"பழம்னா பொண்ணுதான். சரியாத்தான் கண்டிருக்கீக. பறவைக்கெல்லாம் இனி பயப்படாதீக. வந்து கேட்டா நான் பேசிக்கிறேன்."

ஹேயின் அழுதாள். கல்யாணப் பெண் அழுவது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

நான்கு மணிக்கு மண்டபத்தின் பின்வாசலில் கும்ரே டாக்ஸிக்குக் காத்திருந்தாள். நொண்டத் தேவையில்லை, ஆனாலும் கால் வலித்தது. எதிரே கடல், அதன் ஓரமாக வெள்ளை வெள்ளையாய் அடுக்குமாடிக் கட்டடங்கள். காற்றில் கிங்கோ இலைகள் அவள் காலடிவரை உருண்டு வந்தன. டாக்ஸி ஏறினால் ஒப்பந்தம் முடிந்தது. இரு பக்கமும் ஃபோன் நம்பரை அழித்துவிட வேண்டும்.

"அம்மா!" கோட்டை மாட்டிக்கொண்டே ஹேயின் ஓடிவந்தாள். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க. பழக்கமாயிடுச்சு."

"மத்தியானம்தான் ஆரம்பிச்சே, அதுக்குள்ள பழக்கமா?" கும்ரே சிரித்தாள். "டாக்ஸி வர்ற வரைக்கும் கூப்பிடு."

"அந்தக் கனவை நான் வச்சுக்கலாமா? ஸ்கூல்ல எல்லாரும் அவங்கவங்க கனவைச் சொல்லுவாங்க. நான் வாரத்துக்கு ஒண்ணு மாத்திச் சொல்லுவேன். ஒருநாள் மாட்டிக்கிட்டேன்."

"வச்சுக்கோ."

"நீங்களா கட்டிச் சொன்னதா?"

"இல்லை. என் மகனுக்குக் கண்டது. பழம்னா பொண்ணுன்னுதான் எனக்கும் சொன்னாங்க. பையன் பிறந்தான். தேசோப்."

"அப்ப அவருக்கு வேணாமா?"

"பத்து வருஷமா அவன் என்கிட்ட எதுவும் கேக்கிறதில்லை. நான் ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னைக்குப் பேச்சை நிறுத்தினான்." கும்ரே கடலோரத்தைக் காட்டினாள். "அதோ அந்தக் கட்டடங்கள்ல ஏதோ ஒண்ணுலதான் இருக்கான். எந்தக் கதவுன்னு தெரியாது."

"இதே ஊர்லயா! கல்யாணம் ஆயிடுச்சா?"

"போன வருஷம். இதே மாசம்."

"நீங்க வரலையா?"

கும்ரே பெட்டியைக் கையில் எடுத்தாள். டாக்ஸி வளைவில் திரும்பியது. ஹேயின் பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"கம்பெனியில எனக்கு நாலு பேர் போட்டோ அனுப்பினாங்க, தெரியுமா? உங்க மூக்கைப் பார்த்ததுமே, இவங்கதான் என் அம்மான்னு முடிவு பண்ணிட்டேன்."

"எல்லாருக்கும் நாலுதான் அனுப்புவாங்க."

டாக்ஸி வந்து நின்றது. கும்ரே கதவைத் திறந்து, பெட்டியை முதலில் உள்ளே வைத்தாள்.

"போன வருஷம் என் மகனுக்கும் நாலுதான் போச்சு. மாப்பிள்ளை பேரைப் பார்த்துட்டு, என் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கன்னு நான்தான் ஆபீஸ்ல கேட்டேன்."

ஹேயின் டாக்ஸிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது போட்டோ என்னுது," என்றாள் கும்ரே. "அவன் மூணாவது அம்மாவைத் தேர்ந்தெடுத்தான்."