ஃபைபர் போட்ட இடம்

"அண்ணா, அந்தக் கடப்பாரைய கீழ போடு. பிரேக்கு மட்டும்தான் பாக்கி, நாளைக்கு விடியதுக்குள்ள நானே—"

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் உன்னக் கூட்டிட்டுப் போக கொளச்சல்ல இருந்து அவிய வாறாவ. அவிய கண்ணு முன்னால இந்தச் சவத்து வண்டி எனக்க வீட்டு முத்தத்துல—"

"—நானே ஓட்டிட்டுப் போயிருவேன். உனக்க முத்தத்த நீயே வச்சுக்க—"

"எங்க போவ? எங்கட்டி போவ நீ? ரோட்டுல, வண்டிக்குள்ள, ஒத்தப் பொம்பள—"

இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருக்கும்போதே அனீஷ் கடப்பாரையை ஓங்கி வேனின் முன்கண்ணாடியில் இறக்கினான். கண்ணாடி ஒரு கணம் வெள்ளையாய்ப் பூத்து நின்றது. பிறகு மொத்தமாக உள்ளே சரிந்து, ஷீஜா தைத்துப் போட்டிருந்த சீட் உறையின்மேல் கொட்டியது. மூன்று வாரம் முன்புதான் சோப்புத் தண்ணீர் தடவி, ரப்பர் பீடிங்குக்குள் கயிறு விட்டு இழுத்து, அந்தக் கண்ணாடியைத் தனியாளாகப் பொருத்தியிருந்தாள்.

அதற்கு மேல் அவள் பேசவில்லை. மணலில் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்து அண்ணனின் தோளில் அடித்தாள். அவன் ஒரு காலில் மண்டியிட்டு எழுந்து, புறங்கையால் அவள் வாயில் விட்டான். ஷீஜா பின்னால் போய், கழற்றி வைத்திருந்த பிரேக் டிரம்மின்மேல் விழுந்தாள். நாக்கில் பல் ஒன்று தனியாக உருண்டது.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அது. அனீஷுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடி வள்ளம் உண்டு. ஷீஜா அவனுக்கு ஐந்து வயது இளையவள், முப்பத்தாறு முடிந்தவள். வேன் அவர்கள் அப்பனுடையது. ஐஸ் பெட்டியும் மீனுமாக அஞ்சுகிராமம் சந்தை வரை ஓடிய எண்பத்தேழாம் வருட மெட்டடார். அப்பன் செத்தபிறகு பங்கு வைத்தபோது வீடும் முற்றமும் அனீஷுக்கு என்று ஆயிற்று; கொடி படர்ந்து நின்ற வேனை ஷீஜாவுக்கு என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். அன்று அவளும் சிரித்தாள். கொளச்சலில் அவளுக்குக் கட்டிய புருஷனும் வீடும் இருந்த காலம்.

எட்டு மாதத்துக்கு முன் அந்தப் புருஷன் காறை எலும்பை முறித்து அனுப்பினான். அண்ணன் வீட்டு நடு அறையில் இரண்டு நாள் படுத்தாள். மூன்றாம் நாள் பாயை எடுத்துக்கொண்டு வேனுக்குள் போனாள். மீன் நாற்றம் போக ஏழு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள். எலும்பு கூடியதும் கட்டில் ஒன்று அடித்தாள், அடுப்புக்கு மேடை வைத்தாள். இது ஓட வேண்டும். ஓடினால் யாருக்க வீட்டிலும் கிடக்க வேண்டாம். இதைத்தான் அவள் அண்ணன் மனைவி லீமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. செல்போனில் யாரோ ஒரு மலையாளத்துக்காரர் இதேபோல ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டிக் காட்டினார். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். முதல் நாளே பிரேக் ஷூவின் ஸ்பிரிங் தெறித்துப் புருவத்தைக் கிழித்தது. கிரைண்டர் தட்டு உடைந்து ஒரு துண்டு முன்கையில் ஏறி நின்றது. டீசல் குழாயை எஞ்சின் ஓடும்போதே கழற்றினாள், பீய்ச்சிய டீசல் விரல் தோலை அறுத்தது. மயிலாடியில் சிற்பக்காரர்கள் கழித்துப் போட்ட ஒரு கல் பீடத்தை வாங்கிவந்து அச்சுக்கு முட்டுக் கொடுத்தபோது கால் நகம் இரண்டு போயிற்று. வண்டியும் அவளை அடிக்கத்தான் செய்தது. ஆனால் எதற்கு அடித்தது என்று யோசித்தால் தெரிந்துவிடும், மறுபடி அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கலாம். கொளச்சல்காரனிடம் எட்டு வருடம் யோசித்தும் அது தெரியவில்லை.

அந்த முதல் மாதங்களில் அனீஷ் அவள் பக்கம்தான் நின்றான். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி இரும்பு உப்புக்காற்றிலும் ஐஸ் தண்ணீரிலும் இற்றுப் போயிருந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும் என்று வீடியோக்காரர் சொன்னார். வெட்டவா, எதுக்கு வெட்ட என்று கேட்டு, வள்ளத்துக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஃபைபர் மேட்டையும் அதை ஒட்டுகிற ரெசினையும் கொண்டுவந்துவிட்டான் அனீஷ். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதை ஒட்டினார்கள். லீமா கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். கடலே உள்ளே வராத வேலை, பிறகு மழையா வரப்போகிறது என்று அவன் சொன்னான். காய்ந்து, தேய்த்து, பெயின்ட் அடித்தபோது புது இரும்புபோல இருந்தது. வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு விரல் முட்டியால் தட்டிக் காட்டினான்.

வள்ளத்துக்கு வெளியில்தான் எதிரி. வேனுக்கு அது உள்ளே இருந்தது. மூடின ஃபைபருக்குள் துரு தன்பாட்டுக்குத் தின்றது. ஒரு மாதம் கழித்து ஷீஜா அந்த இடத்தில் ஜாக்கி வைத்து ஏற்றினாள். அப்பளத்தில் விரல் போவதுபோல ஜாக்கி உள்ளே போயிற்று. வண்டி இறங்கியது. கால் வெளியே இருந்ததால் பிழைத்தாள். அனீஷ் அன்று கடலில் இருந்தான். அவன் வருவதற்குள் ஓட்டையை எம்சீல் பசை வைத்து அடைத்து, மேலே பெயின்ட் பூசிவிட்டாள். எத்தனையோ பேரிடம் தட்டிக் காட்டியவன், அவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல. பிறகொரு நாள் சத்தமில்லாமல் வெட்டித் தகடு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்கப்புறம் அச்சைத் தவிர வேறு எங்கும் ஜாக்கி வைத்ததில்லை.

பேச்சு மாறியது சென்ற மாதம். கொளச்சல்காரர்கள் ஊர்க்கமிட்டியைப் பிடித்தார்கள். கமிட்டி அனீஷைப் பிடித்தது. தங்கையை அனுப்பிவைப்பதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அந்த வேன் முற்றத்தில் இருக்கும்வரை அவள் அசையமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் இந்தச் சனிக்கிழமை உச்சி வெயிலில், ஆக்கர் கடை வைத்திருக்கும் லிஜினை, காயலான் இரும்பு வெட்டுகிற கேஸ் சிலிண்டரோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

லீமா ஓடிவந்து புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் தள்ளிய தள்ளில் வலைக்குவியலுக்குள் போய் விழுந்தாள். எழுந்து, யாரையாவது கூட்டிவருகிறேன் என்று தெருவுக்கு ஓடினாள். லிஜின் இவர்கள் பக்கம் பார்க்காமல் தென்னையைப் பார்த்துக்கொண்டு பேசினான். இங்கே தீ வைக்க முடியாது, வலை கிடக்கிறது, வள்ளத்து மண்ணெண்ணெய் கேன் ஆறு நிற்கிறது. தெருவுக்கு இழுத்துத்தான் வெட்டவேண்டும்.

இழுப்பதற்கு வண்டி சக்கரத்தில் நிற்கவேண்டும். இடது பின்சக்கரம் கழற்றியிருந்தது, அச்சு பீடக்கல்லில் உட்கார்ந்திருந்தது. ஷீஜா தவழ்ந்துபோய்த் தன் ஜாக்கியைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அனீஷ் அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து மணலில் இழுத்தான். முதுகில் முட்டியை வைத்து அழுத்தினான். அவள் அவன் கணுக்காலைக் கடித்தாள். அவன் விலாவில் இரண்டு முறை மிதித்தான். மூன்றாவதற்குக் காலைத் தூக்கியவன் நிறுத்தினான். குரல் இறங்கிப் போயிருந்தது.

"நான் வாக்குக் குடுத்தாச்சு, ஷீஜா. எனக்கு வேற வழி இல்ல மக்கா."

"அவன் இந்தத் தடவை கொன்னுருவான்."

"கொல்லமாட்டான். நான் பேசியிருக்கேன்."

அவன் திரும்பி, டிரம்மை மாட்டி, சக்கரத்தை இரண்டு நட்டில் நிறுத்தினான். இனி அச்சைக் கொஞ்சம் தூக்கிக் கல்லை உருவவேண்டும். லிஜின் தன் டெம்போவிலிருந்த ஜாக்கியைக் கொடுத்துவிட்டு, வேனை இழுப்பதற்காக டெம்போவைப் பின்னால் எடுக்கப் போனான். அந்த ஜாக்கி உயரம், அச்சுக்கடியில் நுழையவில்லை. அனீஷ் குனிந்து பார்த்தான். கதவுக்குக் கீழே, தன் கையால் ஒட்டிய இடத்தைப் பார்த்தான். பழக்கத்தில் முட்டியால் ஒருமுறை தட்டினான். பலகை போட்டு, அங்கே ஜாக்கியை நிறுத்தினான்.

ஷீஜா முழங்காலில் எழுந்திருந்தாள். பத்தடி தூரம் இருக்கும். டெம்போ ரிவர்ஸில் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் கூப்பிட்டால் கேட்கும். வேன் ஒரு விரல் உயர்ந்தது, இரண்டு விரல் உயர்ந்தது. பெயின்டில் மயிரளவு ஒரு கீறல் ஓடுவதை அவள் பார்த்தாள். அண்ணன் பக்கவாட்டில் படுத்து, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டு, கல்லின்மேல் வைத்து இழுத்தான். அண்ணா என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. அதோடு கொளச்சல் வீட்டு அடுக்களையும் வந்தது, உள்தாழ்ப்பாள் போடும் சத்தமும் வந்தது. வாயில் நிறைந்திருந்த ரத்தத்தை விழுங்கினாள். சொல்லும் கூடவே போயிற்று.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. காய்ந்த ஓலை முறிகிற மாதிரி ஒன்று, பிறகு கல்லில் இரும்பு உட்கார்கிற சத்தம். இடையில் இருந்தது கை.

முதலில் ஓடியவள் அவள்தான். தென்னந்தடி ஒன்றை அச்சுக்கடியில் கொடுத்து, செங்கல் அடுக்கி முட்டு வைத்து, தடியின் நுனியில் தன் முழு உடம்பையும் தொங்கவிட்டாள். எங்கே இரும்பு உண்டு, எங்கே இல்லை என்று அந்த முற்றத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். விலா உள்ளே குத்தியது. லிஜின் வந்து அனீஷின் காலைப் பிடித்து இழுத்தான். வெளியே வந்த கையில் மணிக்கட்டு எது, விரல் எது என்று பிரிக்க முடியவில்லை. கறுத்த மணல் சதையோடு அப்பியிருந்தது. எலும்பு ஒன்று வெள்ளையாய் நீட்டிக்கொண்டிருந்தது. அனீஷ் அலறவில்லை. டெம்போவில் ஏற்றும்போது வேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடி போச்சு? நான் ரெண்டு அடுக்குப் போட்டதாக்கும்."

லீமா ஆளோடு வந்து, நின்ற நிலையில் அவளும் டெம்போவில் ஏறிக்கொண்டாள்.

முற்றம் காலியாயிற்று. ஷீஜா வாயைக் கொப்பளித்தாள். பல்லைத் துப்பினாள். விலாவைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, அனீஷ் மாட்டின சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றினாள். பிரேக்கின் புது வீல் சிலிண்டரை வைத்து, குழாய் நட்டை முறுக்கி, டிரம்மை மூடி, பிரேக் ஆயிலை ஊற்றினாள். இனி குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியேற்றி ஏர் எடுக்கவேண்டும். ஒருவர் சீட்டில் இருந்து பெடலை மிதிக்கவேண்டும், இன்னொருவர் கீழே கிடந்து, காற்று போகும் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். அதற்கு இரண்டாவது ஆள் இல்லை. மூன்று தடவை சீட்டுக்கும் அச்சுக்கும் ஓடிப்பார்த்தாள். பெடல் பஞ்சுபோல இறங்கியது.

நான்கு மணிக்கு லீமா வந்தாள். ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள் என்றாள். முழங்கைக்குக் கீழே எடுக்கவேண்டும் என்று டாக்டர் கையெழுத்து வாங்கிவிட்டாராம். ஜாக்கி வழுக்கிவிட்டது என்று லிஜின் போலீசுக்குச் சொல்லியாயிற்றாம். சொல்லிக்கொண்டே உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தவள், வேனின் பக்கத்தில் நின்றாள். உடைந்து கிடந்த ஃபைபர் ஓட்டுக்குள் துரு தூளாகக் கிடந்தது. அதிலிருந்து முட்டையளவு ஒரு எம்சீல் உருண்டையை எடுத்துப் பார்த்தாள். குடத்துக்கும் வாளிக்கும் அவள் வைக்கிற சாதனம்தான் அது. அனீஷ் ஒருநாளும் அதைத் தொடமாட்டான்.

"இங்க நிக்காத. அவருக்க கூட்டாளிமாரு வந்தா உன்ன வச்சிருக்கமாட்டாவ. எடுத்துட்டுப் போ."

"பிரேக்கு பிடிக்கல மயினி. ஏர் எடுக்க ஒரு ஆளு வேணும்."

லீமா அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சீட்டிலிருந்த கண்ணாடித் தூளைச் சேலை முந்தியால் ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஷீஜா அச்சுக்குப் பக்கத்தில் படுத்து, நிப்பிளில் ஸ்பானரை வைத்தாள். மிதி என்றாள், லீமா மிதித்தாள். பிடி என்றாள், பிடித்தாள். நுரையும் ஆயிலுமாகக் குழாயில் வந்தது. மூடிக்கொண்டு, விடு என்றாள். பத்துப் பன்னிரண்டு தடவை இப்படியே போயிற்று. நுரை குறைந்தது. பெடல் காலுக்கு இறுகுவது மேலிருப்பவளுக்குத் தெரிந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

மிதி என்று ஷீஜா மறுபடி சொன்னாள். லீமா மிதித்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் அந்த எம்சீல் உருண்டை இருந்தது.

"அந்த ஃபைபருக்குள்ள இரும்பு இல்லண்ணு அவருட்ட நீ சொன்னியா, ஷீஜா?"