எரியாத பொத்தான்

2023ஆம் ஆண்டு மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணியளவில், மூன்றாம் மாடிச் சோதனை அறையில் நாற்பது பேர் அந்தக் கணினி விளையாட்டின் கடைசிக் கட்டத்தை ஆடி முடித்தனர். தோற்ற கோட்டைத் தலைவன் மண்டியிட்டதும் திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றும்: கொல், மன்னி. முப்பத்தொரு பேர் மன்னித்துவிட்டனர்.

கதையை எழுதியவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. அந்தத் தலைவன் அவளுடைய சொந்த அண்ணன். நடை, கனைப்பு, விரல் சொடுக்கிப் பேசும் தோரணை, யாவும் அவனிடமிருந்து எடுத்தவை. ஆறாண்டுகளுக்கு முன் இருவரும் சேர்ந்து உருவாக்கிய முதல் விளையாட்டில், வெளியீட்டுக்கு முந்தைய நாள் அவள் பெயரை நீக்கிவிட்டு, கதாசிரியர் என்று தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டவன்.

"அந்தப் பாவியை எதுக்குத் தம்பி விட்டாங்க?" என்றாள், சோதனைப் பிரிவின் பொறுப்பாளனிடம்.

"கோவப்படாதீங்கக்கா. வார்த்தைக்கு வார்த்தை 'சாப்பிட்டியா?'ன்னு கேக்கறானே, அதுல எல்லாரும் விழுந்துட்டாங்க."

"அது அவனோட நெஞ்சழுத்தம்! என் பேரை எடுத்த அன்னிக்கும் அப்படித்தான் கேட்டான்!"

"அது உங்களுக்குத் தெரியும். ஆடறவங்க காதுல பாசமால்ல விழுது! வில்லனைக் கேட்டா, தாய்மாமனைச் செஞ்சு குடுத்திருக்கீங்க."

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தலைவனின் வசனத்தில் அந்தக் கேள்வி வந்த ஒன்பது இடங்களிலும் அதை நீக்கினாள். பிற்பகலில் வேறு நாற்பது பேர் ஆடினர்; முப்பத்தேழு பேர் வெட்டினர். ஒவ்வொரு வெட்டையும் அருகிலிருந்து பார்த்தாள். வயிறு குளிரவில்லை. கேள்வியை இழந்த அந்த மனிதன் யாரோ ஒருவனாகிவிட்டான்; அயலான் செத்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

"பழையபடி சேர்த்துடு, தம்பி."

"மறுபடியும் மன்னிச்சுடுவாங்களேக்கா!"

"மன்னிக்கட்டும். ஆனா சும்மா கிடைக்கக் கூடாது. செஞ்சதை அவன் வாயால சொல்லணும். அப்புறந்தான் அந்த 'மன்னி' பொத்தான் எரியணும், அழுத்த முடியணும்."

"சரி, அந்த வசனத்தை எழுதிக் குடுங்க."

"நான் எதுக்கு எழுதணும்? செஞ்சவன் எழுதட்டும்."

"நெசமாவே அவருக்கு அனுப்பப் போறீங்களா?"

"ஆறு வருஷம் பொறுத்திருக்கேன்."

மாலை ஆறு மணிக்கு முடிவானது இது. "சாப்பிட்டியா?" என்னும் கேள்வி ஒன்பது இடங்களிலும் திரும்பச் சேர்க்கப்படும். ஒப்புதல் வசனத்திற்குரிய தாள், ஒரு சொல்லும் எழுதப்படாமல், அண்ணனின் அலுவலகத்துக்கு அனுப்பப்படும். ஏப்ரல் 28ஆம் தேதிக்குள் அவன் எழுதித் தந்தால், அவன் பெயருடனேயே அது சேர்க்கப்படும். தராவிட்டால், மன்னிக்கும் பொத்தான் திரையில் இருக்கும், எரியாது.