மெஹாரியின் பெயர் பட்டியலில் இருக்கிறது

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் குனேயோ பக்கம் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கூட்டமில்லாத நேரத்தில் எழுதுவேன். ஜூன் மாதம் ஒருநாள் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் லெத்தினா வந்தாள். மருந்து எதுவும் கேட்கவில்லை. கைப்பேசியைக் கல்லாமேல் வைத்து ஒரு குரல்பதிவை ஓடவிட்டு, அதன் பொருளையும் சொன்னாள்.

"அக்கா, திங்கட்கிழமை கிளம்புறேன். சூடான் வழியா, அப்புறம் படகு. கூட்டிப்போக ஆள் பேசியாச்சு."

அவள் தம்பி மெஹாரி. எரித்திரியாவை விட்டு ஓடி, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் அகதியாக இருந்தான். வயது இருபத்திரண்டு.

அன்று மாலையே நான் எழுதிய முதல் வரி: 'கரிய அலைகள் படகின் விலாவில் மோதியபோது மெஹாரி தன் அக்காவை நினைத்…'

மறுநாள் லெத்தினாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முகம் இறுகிவிட்டது.

"அவன் கடலைப் பாத்ததே இல்ல, ஒர்நெல்லா. எதுக்கு அவனைத் தண்ணியில தள்ளுறீங்க?"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2.

(இங்கே ஒரு விளக்கம் தேவை. அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகலாம். மனிதாபிமான வழித்தடம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பட்டியல். அதில் பெயர் சேர்ந்து, விசாரணையெல்லாம் முடிந்தால் தூதரகமே விசா தரும், விமானத்தில் வரலாம். இங்கே யாராவது வீடு கொடுத்து ஒரு வருடம் பொறுப்பேற்க வேண்டும். எங்கள் ஊரில் நாங்கள் சிலர் மெஹாரிக்காகக் கையெழுத்துப் போட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு நேர்காணல் முடிந்திருந்தது. அப்புறம் சத்தமே இல்லை.)

"நீங்க பேசுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான்" என்று லெத்தினா அவனைப் போனில் அழைத்துக் கொடுத்தாள். அவனுக்கு இத்தாலி மொழி அரைகுறை, எனக்கு அவன் மொழி சுத்தமாகத் தெரியாது. நடுவில் அவள் நின்று மாற்றிச் சொன்னாள்.

"எல்லாரும் காத்திரு காத்திருன்னுதான் சொல்றீங்க. எதுவரைக்கும்னு ஒருத்தரும் சொல்றதில்ல."

அடுத்த மாதம் விசா வந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். கதை எழுதுகிறவளுக்குப் பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியாது தம்பி. பேர் பட்டியல்ல இருக்கு. உனக்கான வீட்டுக்கு வண்ணம் அடிச்சாச்சு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

"மஞ்சளா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே!"

"பிடிக்கலன்னா நீயே வந்து மாத்து."

சிரித்தான். லெத்தினா போனை வாங்கிக்கொண்டு மருந்துப்பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குப் போனாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் படகில்தான் வந்தாள். அதைப் பற்றி ஊரில் யாரிடமும் பேசியதில்லை. அன்று தம்பியிடம் பேசினாள்.

[இந்த இடத்தில் அவள் சொன்னது வரவேண்டும். எனக்குப் புரிந்தது குரல் மட்டும்தான். இரண்டுமுறை கற்பனை செய்து எழுதினேன். இரண்டையும் கிழித்தேன்.]

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"திங்கட்கிழமை போகலயாம்."

"செவ்வாய்?"

"செவ்வாயைப் பத்தி நான் கேக்கல."

3.

இங்கே கதை படுத்துவிடுகிறது. அடுத்த ஐந்து மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. ரத்தப் பரிசோதனை, கைரேகை, ஒரு காகிதம், அதே காகிதம் மறுபடியும். ஒரு வில்லனைச் சேர்த்துப் பார்த்தேன். லஞ்சம் கேட்கும் அதிகாரி. பொருந்தவில்லை. அடிஸில் ஒரு காப்பிக் கடையில் மெஹாரி கோப்பை கழுவினான், ஒவ்வொரு நாளும் போகாமல் இருந்தான். ஒரு ஆள் போகாமல் இருப்பதை எப்படி எழுதுவது? கிளம்பிப் போகிறவர்களோடு நடந்துதானே கதைக்குப் பழக்கம்.

4.

ஒருவழியாக விசா வந்து, நவம்பரில் ரோமில் இறங்கினான். அதிகாரி முத்திரை குத்திவிட்டு, "நல்வரவு" என்றார். யாரைச் சொல்கிறார் என்று மெஹாரி பின்னால் திரும்பிப் பார்த்தான்.

லெத்தினா அவனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பதின்மூன்று. ஓடிப்போய்த் தோளில் ஓர் அடி போட்டாள்.

"எலும்பா வந்து நிக்குற!"

"நீ ஏன் இவ்ளோ குள்ளமாயிட்ட?"

பிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இங்கே முடித்திருந்தால் நல்ல முடிவு. ஆனால் காரில் வரும்போது மெஹாரி, "பினியாம் அந்தத் திங்கட்கிழமை போயிட்டான்" என்றான். அடிஸில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன். அதன்பிறகு அவனிடமிருந்து தகவலே இல்லையாம்.

5.

போன வாரம் பினியாம் மெஹாரியைப் போனில் கூப்பிட்டான். உயிரோடு இருக்கிறான். கூட்டிப்போனவன் பாலைவனத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டு ஓட, இவன் எப்படியோ அடிஸ் திரும்பிவிட்டான்.

"அவன் பேரையும் பட்டியல்ல சேக்க முடியுமா?" என்றான் மெஹாரி.

"வீடு இருக்கு. பொறுப்பேத்துக்க இன்னும் ஒரு ஆள் வேணும்" என்றேன்.

அப்படி ஒருவர் வந்தார் என்று நான் எழுதிவிடலாம். பெயர்கூட யோசித்துவிட்டேன். எழுதப்போவதில்லை. படிவம் என் எதிரில்தான் இருக்கிறது, பொறுப்பேற்பவர் கையெழுத்துப் போடும் கடைசி வரி காலி. உங்கள் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன். பேனா எழுதுகிறது, ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டேன்.