இடப்பக்கம் ஒடிக்கும்போது

கட்டைவிரல் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் மட்டும் போவேனா என்றது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாயிற்று, சீயக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று. கடைசியில் பாத்திரம் துலக்குகிற நாரையே எடுத்து வந்து, புருசன் சமுத்திரத்தின் கையை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தாள் சண்முகத்தாய். பிணத்தைக் குளிப்பாட்டுவதற்காக ஆம்பளைகள் தண்ணீர்க் குடத்தோடு காத்து நின்றார்கள்.

"விடுக்கா. ஆளே போயாச்சு. இனி அழுக்குப் போயி என்ன ஆவப்போவுது?" என்றான் சோழபுரத்திலிருந்து வந்திருந்த தம்பி ஐயாதுரை.

"பேசாம இருல. மக கையக் காட்டச் சொல்லி அழுவுதா. இந்தக் கையவா காட்டச் சொல்லுத?"

மகள் செல்வலட்சுமி போனில் இருந்தாள். சுந்தரபாண்டியத்தில் வாக்கப்பட்டவள், வயிற்றில் எட்டு மாசம். பிள்ளைத்தாச்சி சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று மாமியார் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பெற்ற தகப்பனை வீடியோ காலில் வழியனுப்புகிற கொடுமை எதிராளிக்குக்கூட வரக்கூடாது. அண்ணன்காரன் மாரீஸ்வரன்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன் தகப்பனைப் பார்த்தது, அவன் சுவரைப் பார்த்தான்.

சண்முகத்தாய் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். போனுக்குள்ளிருந்து ஓவென்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகள் சொன்னாள்:

"தேய்க்காதம்மா. கிரீஸு இருக்கட்டும். அப்பா கைன்னா அப்பிடித்தான் இருக்கும்."

அதற்குப் பிறகுதான் சண்முகத்தாய் கையை விட்டாள்.

ஐஸ் பெட்டியை வாசலுக்குள் கொண்டுவர வழியில்லை. வாசல் முழுக்க அந்த வெள்ளைக் கார் அடைத்துக்கொண்டு நின்றது. நின்றதா? நிறுத்தி வைத்திருந்தது. முன்சக்கரம் ஒன்று கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது, சக்கரம் இருந்த இடத்தில் ஹாலோபிளாக் கல் அடுக்கியிருந்தது. பட்டாளத்தில் லாரி ஓட்டி, வந்தபிறகு ராஜபாளையத்திலேயே மில்லு வேன் ஓட்டி, ஆயுசு முழுக்க அடுத்தவன் வண்டியின் சாவியையே இடுப்பில் சொருகித் திரிந்த மனுசன், ஓய்வு பெற்ற பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முதல் நாள் வண்டிக்குப் பூப்போட்டு மாலை போட்டு, "ஏறுட்டி மகாராணி" என்று சண்முகத்தாயை முன்சீட்டில் உட்காரவைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிவந்தார். அன்றைக்கு அவள் இறங்கவே மனசில்லாமல் இறங்கினாள்.

"இந்தச் சனியனத் தள்ளி வெளிய விடுங்கப்பா" என்றான் ஐயாதுரை.

"சக்கரமே இல்லாதத எங்கன மாமா தள்ள?" என்றான் மாரீஸ்வரன்.

பெட்டியைத் தெருவில் ஷாமியானாவுக்கு அடியில் வைத்தார்கள். தெருவில் வைத்தால் ஊர் வாய் சும்மா கிடக்குமா? ஓட்டைக் காரோடு மாரடிச்சே மனுசன் உசுர விட்டுட்டாரு, புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா இப்பிடி ஆகுமா, மகன் மில்லுல எலெக்ட்ரீசியன், சம்பாதிக்கத்தான செய்யுதான். பிளாஸ்டிக் நாற்காலிக்கு நாற்காலி இதே பேச்சு. ஐயாதுரை வேறு காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "காரியம் முடியட்டும், பழைய இரும்புக்காரன வரச்சொல்லி எடை போட்டுருவோம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. துக்கம் வந்தால் எதையாவது திட்ட வேண்டும் அவனுக்கு, சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். ஆனாலும் சண்முகத்தாயால் அதைக் கேட்க முடியவில்லை. கார் கொல்லவில்லை அவரை. காலையில் வேலை முடித்து, கையை அரைகுறையாகக் கழுவிவிட்டு, காபியைக் கேட்டு வாங்கி, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குட்டி" என்று சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். காபிகூடக் குடிக்கவில்லை.

சண்டை காருக்காகத்தான் வந்தது, அது நிஜம். அது அப்பனுக்கும் மகனுக்கும்.

எஞ்சினிலிருந்து முன்சக்கரத்தைச் சுழற்றுகிற இரும்புத்தண்டு ஒன்று உண்டு, ஆக்சில் என்பார்கள். அதன் நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு மூட்டு, அதற்குள் இரும்புப் பந்துகள், மேலே ரப்பர் உறை. உறை கிழிந்து மண் போய்விட்டது. வண்டியை இடப்பக்கம் ஒடித்தால் டக்கு டக்கு டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது.

"செட்டோட புதுசு மாத்திருவோம்ப்பா" என்றான் மாரீஸ்வரன்.

"எதுக்குல? கழட்டிக் கழுவி, புது உறை மாட்டி, கிரீஸ் வச்சா இன்னும் எம்புட்டோ ஓடும். முட்டி வலிச்சா காலையே மாத்துவியால நீ?"

"பந்து ஓடுன தடம் பள்ளமாயிருச்சு. வெரல வச்சுப் பாருங்க. கிரீஸு போட்டா பள்ளம் நெரம்புமா?"

"லடாக்குல பனிக்குள்ள மல்லாக்கப் படுத்து வண்டி பாத்தவன்டா நானு. எனக்கே பள்ளத்தக் காட்டுதியா?"

"லடாக்குல என் தங்கச்சி உக்காந்து வரலப்பா. நிறைமாசக்காரிய ஏத்திட்டு வரப்போற வண்டி. நடு ரோட்டுல ஒடிஞ்சா?"

அதோடு பேச்சு நின்றது. மகளைப் பிரசவத்துக்குத் தன் காரில்தான் கூட்டிவருவேன் என்று சமுத்திரம் அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மகளை அவரே நடுரோட்டில் தள்ளப்போகிற மாதிரி மகன் சொல்லிவிட்டான். ஒரு வாரத்துக்கு மேல் அப்பனும் மகனும் ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு சண்முகத்தாய் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். "அவன குளிக்கச் சொல்லு." "அவரு மாத்திரையப் போட்டாராம்மா?" நடுவில் அவள் கிடந்து பந்தாடப்பட்டாள். இதற்கிடையில் மகன் ஒருநாள் சாயங்காலம் ஒரு சாக்கைத் தூக்கிவந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்ததை அவள் பார்த்தாள். புது ஆக்சில். கேட்கவில்லை. பழைய சேலை ஒன்றை எடுத்து மேலே போட்டு மூடி, புருசன் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

கடைசி நாள் காலையில் மகன் வேலைக்குப் போனபிறகு சமுத்திரம் அவளைக் கூப்பிட்டார். கழுவிப் பூட்டிய மூட்டுக்குப் புது உறை மாட்டியிருந்தார். இறுக்குகிற பட்டி கிடைக்காததால் செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு நுனியை அவளிடம் கொடுத்து "இறுக்கிப் பிடிட்டி" என்றார். அவள் குறட்டால் பிடித்துக்கொள்ள, அவர் மறு நுனியை முறுக்கினார். முறுக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பள்ளம் இருக்கத்தான் செய்யுது. அவன் சொல்லுததும் சரிதான். சத்தம் முழுசா போவாது."

"இத அவன்ட்ட சொன்னா என்னங்க? பிள்ள மொகம் சுண்டிப்போயி அலையுதான்."

"சொல்லிராத. தலைமேல ஏறி உக்காந்துக்கிடுவான்." சிரித்தார். "மக பிரசவம் முடியட்டும். பொறவு நானே சொல்லிக்கிடுதேன்."

இந்த ஒரு பேச்சுதான் சண்முகத்தாயின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மகன் கொள்ளிக்குடம் தூக்கிச் சுற்றி வந்தபோதும், மொட்டைத் தலையோடு வந்து மூலையில் குத்தவைத்தபோதும், சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் ஒரு பொட்டு அழவில்லை. அழாத பிள்ளையைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் சுற்றிலும் ஊரே உட்கார்ந்து ஓட்டைக் கார், ஓட்டைக் கார் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, ஆமாம், அவரே தோற்றுப்போனதாகத்தான் சொன்னார் என்று எந்த வாயால் சொல்வது? செத்த மனுசனைப் பார்த்து ஊர் இன்னொரு தடவை சிரிக்கும். விழுங்கிக்கொண்டாள்.

பதினாறு முடிந்தது. மகளைக் கூட்டிவர வேண்டும்.

"டாக்சி சொல்லிருதேன்க்கா" என்றான் ஐயாதுரை. "நீயும் போவண்டாம். தாலியறுத்த கையோட பிள்ளைத்தாச்சியக் கூப்பிடப் போவாளா ஒருத்தி?"

"நான் அவளப் பெத்தவடா. என் கண்ணு பட்டா அவளுக்குக் கெடுதல் வரும்னா, வரட்டும் பாப்போம்." அவளுக்கே தெரியாத குரல் ஒன்று அவளுக்குள்ளிருந்து வந்தது. "அவிய கார்லதான் போவேன். மகட்ட சொன்ன வார்த்த அது. அவிய செஞ்சு வச்சுட்டுப் போன வேலை அப்பிடியே கெடக்கு. மாட்டினா ஓடாதா?"

ஐயாதுரை மாரீஸ்வரனைப் பார்த்தான். மாரீஸ்வரன் தரையைப் பார்த்தான்.

"மாட்டிருதேன்மா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காருக்கு அடியில் கிடந்தான். அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டிருந்தான். சண்முகத்தாய் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது கால் மட்டும்தான் தெரிந்தது. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே மாதிரிப் பாதம், பெருவிரல் விலகி.

"அப்பா செஞ்சு வச்சதத்தானல மாட்டுத?"

சுத்தியல் சத்தம் நின்றது. "அதத்தாம்மா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. திரும்பச் சுத்தியல் சத்தம்.

மறுநாள் காலை, கிளம்புகிற நேரம். வந்தவுடன் மகளுக்குச் சுடுசோறு வேண்டுமே என்று உலைக்கு அரிசி எடுக்கப் போனாள். டிரம்மின் மூடி பின்பக்கம் விழுந்துவிட்டது. எட்டி எடுக்கும்போது கை சாக்கின் மேல் பட்டது. அவள் மூடிவைத்த சேலை, மூடியது போல் இல்லை. மடிப்பு மாறியிருந்தது.

சாக்கின் வாய்க்குள் கையை விட்டாள். வழவழவென்று ரப்பர். அதன் கழுத்தில் கம்பி. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. நுனியில் முறுக்கு. பார்க்கவே வேண்டாம், அவளுக்குத் தெரியும். அந்தக் கம்பியின் ஒரு நுனியைப் பிடித்தவள் அவள்தானே.

கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. அடப்பாவி, செத்த அப்பனையும் விடவில்லையா நீ என்று. பிறகு தங்கச்சிக்காரியின் வயிறு ஞாபகம் வந்தது. பிறகு, காருக்கு அடியிலிருந்து வந்த அந்தக் குரல். அம்மாவிடம் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன். சின்ன வயசில் மாங்காய் திருடினால்கூட முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். முகம் தெரிந்துவிடும் என்றுதான் வண்டிக்கு அடியில் கிடந்தபடியே சொல்லியிருக்கிறான்.

வெளியே கார் ஸ்டார்ட் ஆனது. தெருவில் மாரீஸ்வரன் வண்டியை இடப்பக்கம் முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடித்தான். இன்னொரு வட்டம் அடித்தான்.

"யக்கா! யக்கோவ்! இங்கன வந்து பாரு!" என்று ஐயாதுரை கத்தினான். "பொட்டுச் சத்தம் இல்லக்கா! எங்க மச்சான் கெட்டிக்காரருதான், நாந்தான் கோட்டிக்காரப்பய கண்டபடி பேசிட்டேன்!"

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்திருந்தார்கள்.

"அப்பா பாத்த வேலை மாமா" என்றான் மாரீஸ்வரன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "நான் மாட்டுனதோட சரி."

சண்முகத்தாய் அரிசியை மறு கையால் களைந்து வைத்தாள். சாக்கின் மேல் பழைய சேலையைப் போட்டு, நாலு பக்கமும் செருகினாள். கிரீஸ் பட்ட கையை மட்டும் கழுவாமல் அப்படியே முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவிய வேலை சுத்தமாத்தான் இருக்கும்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோபுரம் தெரிந்தபோது சண்முகத்தாய் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினாள். விரல் கறுப்பாக இருந்தது. மகன் அதைப் பார்த்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்தான், திரும்ப விரலைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"அம்மா" என்றான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுல."

கிருஷ்ணன்கோவில் வந்துவிட்டது. வத்திராயிருப்பு ரோட்டுக்கு அங்கேதான் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மாரீஸ்வரன் இண்டிகேட்டரைப் போட்டு வேகத்தைக் குறைத்தான்.

"கம்பி முறுக்கும்போது உங்கப்பா ஒண்ணு சொன்னாரு" என்றாள். "ஒன்ட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"என்னது?"

"'பள்ளம் இருக்கத்தான் செய்யுது. அவன் சொல்லுததும் சரிதான்'னாரு."

கார் நின்றுவிட்டது. ரோடு காலியாகத்தான் கிடந்தது, திரும்பியிருக்கலாம். மாரீஸ்வரன் ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் நெற்றியை வைத்தான். மொட்டையில் முடி முள் முள்ளாக முளைத்திருந்தது. சண்முகத்தாய் அந்தத் தலையில் கையை வைத்தாள். கிரீஸ் ஒட்டியது, அவள் எடுக்கவில்லை.

பின்னால் வந்த டவுன் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான்.

"பிள்ள வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாடா" என்றாள்.

அவன் நிமிர்ந்து, இடப்பக்கம் முழுசாக ஒடித்தான். இண்டிகேட்டர் மட்டும் டிக்கு டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. வண்டி திரும்பியதும் அதுவும் நின்றது.