வாசல் கதவில் பதினைந்து டிகிரி

வாகனத்தைத் தவறான கோணத்தில் நிறுத்தினால் அபராதமாகப் பணம் கட்ட வேண்டும் என்று பரவலாக நம்பப்படுகிறது. படித்தவர்களும் இதைக் கூசாமல் சொல்கிறார்கள். உண்மை வேறு. வண்டி எத்தனை டிகிரி பிசகி நின்றதோ அத்தனை டிகிரி, நிறுத்தியவரின் வாசல் கதவிலிருந்து பிடிக்கப்படும். அதன்பின் கதவு அந்த அளவு குறைவாகத் திறக்கும். இதில் பணத்துக்கு இடமே இல்லை.

வீடு கட்டியபோது எங்கள் கதவு தொண்ணூறு டிகிரி திறந்தது. என்னுடைய மூன்று பழைய குற்றங்களில் நாற்பத்தெட்டு போய்விட்டது. அவற்றைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மூன்று முறையும் நான் அவசரத்தில் இருந்தேன். மீதி நாற்பத்திரண்டில் நானும் என் மனைவி செண்பகவல்லியும் பக்கவாட்டில் போய்வந்துகொண்டிருந்தோம். நான்காவது சீட்டு, தேரோட்டத்தன்று மாலை என் ஸ்கூட்டரில் ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில், நடைபாதைக்கு அறுபது டிகிரியில் நிற்க வேண்டிய வண்டி எழுபத்தைந்தில் நிற்பதாக அதில் எழுதியிருந்தது. பிடித்தம் பதினைந்து.

நாற்பத்திரண்டில் பதினைந்து போனால் இருபத்தேழு. வல்லி வெளியே வர முப்பது தேவை. சாக்பீஸால் தரையில் கோடு போட்டு இரண்டு முறை அளந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்கதவு கிடையாது. ஜன்னல்களுக்குக் கம்பி உண்டு.

மேல்முறையீடு செய்தேன். அது முடியும்வரை வீட்டார் ஒருவர் பிணையாக உள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. வல்லி பத்து நாட்களாக உள்ளே இருந்தாள். அடுத்த திங்களன்று அவள் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. விசாரணை வெள்ளிக்கிழமை வந்தது.

கோண அலுவலர் ஹெலன் மேடம் என் சீட்டைப் படித்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார். பக்கத்தில் எழுத்தர் உமாபதி ஒரு பெரிய மரக் கோணமானியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அறுபதுலதான் மேடம் நிறுத்தினேன்."

"எல்லாரும் அறுபதுலதான் நிறுத்துறீங்க. ஊர்ல ஒருத்தர் வந்து எழுபத்தஞ்சுல நிறுத்தினேன்னு சொல்லட்டும், நான் வேலையை விட்டுடறேன்."

அவர் எழுதத் தொடங்கினார். தீர்ப்பு எழுத எழுத அமலுக்கு வரும். எனவே, விதிப்படி, பிணையாளரைத் தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"ஏங்க, கதவு அசையுது."

"எவ்வளவு?"

"ஒரு விரக்கடை. யாரு எழுதுறது? கொஞ்சம் மெதுவா எழுதச் சொல்லுங்க."

ஹெலன் மேடத்தின் கையெழுத்து அழகானது. சுழிகளை முழுதாகப் போடுபவர். 'மனுதாரரின் வாசல் கதவிலிருந்து' என்பதை எழுதி முடித்தபோது ஒரு கிறீச்சொலி கேட்டது.

"சாக்பீஸ் கோட்டுக்கு இன்னும் நாலு விரக்கடைதான் இருக்கு," என்றாள் வல்லி. "வெளிய வந்துரட்டுமா?"

"கூடாது. நீ பிணை."

"நல்ல பிணை. காலைல அரிசி டிரம் மேல விழுற வெயில் பத்து நாளா அடுப்புல விழுது. அதை என்னன்னு பாருங்கன்னு தினம் சொல்றேன். நீங்க பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கினாத்தானே? மூணு விரக்கடை."

பேனா நின்றது.

"தேரோட்டத்துக்கு அப்புறமாம்மா?" என்றார் ஹெலன் மேடம்.

"மறுநாள்லேர்ந்து மேடம்."

எங்கள் தெருமுனையில் தேர் திரும்பும்போது தெருவும் கூடவே சற்றுத் திரும்பும். தெருவோடு வீடுகளும் திரும்பும். வாகனங்கள் திரும்புவதில்லை, அவற்றுக்குத் தனிப் பதிவு எண் உண்டு. தேர் நிலைக்கு வந்ததும், அதே வடத்தைத் தெருவின் மறுமுனையில் கட்டி, ஊரார் தெருவைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுவது வழக்கம்.

"இந்த வருஷம் இழுத்தீங்களா?"

நான் உமாபதியைப் பார்த்தேன். அவர் கோணமானியைப் பார்த்தார்.

"புளியோதரை குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க மேடம்," என்றேன்.

"நீங்க?"

"வரிசையில நின்னேன்."

"நானும்தான் மேடம்," என்றார் உமாபதி. "எனக்கு முன்னால நின்னவர் இவர்தான். ரெண்டு தடவை வாங்கினார்."

"இன்னும் ரெண்டு விரக்கடை," என்றது தொலைபேசி. எழுதியது வீட்டுக்குப் போய்ச் சேரச் சிறிது நேரம் எடுக்கும்.

ஹெலன் மேடம் தொலைபேசிப் பக்கம் குனிந்தார். "டிரம்முக்கும் அடுப்புக்கும் எவ்வளவு தூரம்மா?"

வளையல் சத்தம் சமையலறைவரை போயிற்று.

"ரெண்டு ஜாண்."

உமாபதி அட்டவணையைப் புரட்டினார். சமையலறையில் ஒரு ஜாண் என்பது ஏழரை டிகிரி. அவர் இரண்டால் பெருக்கி, விடையை ஒருமுறை சரிபார்த்து, பிறகு இன்னொருமுறையும் சரிபார்த்தார்.

"பதினஞ்சு, மேடம்."

"ஒரு விரக்கடை," என்றாள் வல்லி.

ஹெலன் மேடம் 'மனுதாரரின் வாசல் கதவிலிருந்து' என்பதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். தொலைபேசியில் நீளமாக ஒரு கிறீச்சொலி கேட்டது. அதன்பின் வல்லி வெளியே வந்து செருப்பைத் தேடும் சத்தம் வந்தது. நான் வண்டியைச் சரியாகவே நிறுத்தினேன், தெருதான் தவறான கோணத்தில் நிற்கிறது என்று தீர்ப்பாயிற்று.

"தெருவுக்குக் கதவு கிடையாதே மேடம்," என்றார் உமாபதி.

"வெயில் இருக்குல்ல. காலைப் பக்கத்துலேர்ந்து புடிச்சுக்கங்க."

"பதினஞ்சு டிகிரின்னா ஒரு மணி நேரம், மேடம்."

"எழுதுங்க."

கதவு இப்போது பழையபடி நாற்பத்திரண்டு திறக்கிறது. வல்லி திங்களன்று வேலையில் சேர்ந்தாள். தெருவை அடுத்த தேரோட்டத்தில் சேர்த்து இழுத்துக்கொள்ளலாம் என்று ஊரில் பேசி முடிவாகியிருக்கிறது.

எங்கள் தெருவில் பதினொரு மணிக்கு உச்சிவெயில் வந்துவிடுகிறது. அந்நேரம் கடிதங்களோடு வரும் தபால்காரர், தெருமுனையில் நுழைந்ததும் சைக்கிளை அறுபது டிகிரியில் நிறுத்திவிட்டு, டிபன் பாக்ஸைத் திறக்கிறார்.